வளைவு வால்வின் இருபத்திரண்டு சுற்று

கம்பளை
06.07.2025

அன்புள்ள ரிப்காவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே என் கூடப்பிறந்த நானா, மச்சி, ரிப்கா, நான் எல்லோரும் நலம். உங்களையும் அல்லாஹ் நலமாக வைப்பானாக.

கம்பளையிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்குக் கடிதம் எதற்கு என்று யோசிப்பீர்கள். போனில் பேசினால் உங்களுக்குப் பின்னால் ஊர்த் தண்ணீர் பம்ப் ஓடுகிறது. நான் சொல்வதில் பாதியை அதுதான் கேட்கிறது. இருபத்தைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்தவள் நான். எழுதிக் கொடுத்தால் ஒருவர் கடைசி வரி வரை வாசிப்பார் என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை.

ரிப்காவின் நிக்காஹ் செப்டெம்பர் 14, ஞாயிறு காலை பத்தரைக்கு, நானா வீட்டில் என்று முடிவாகிவிட்டது. பெண்ணுக்குப் பொறுப்பான வலியாக உட்கார்ந்து அவளைக் கொடுக்க வேண்டியவர் நீங்கள்.

போன மாதம் பேச்சு முடித்த அன்று நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேர். மாப்பிள்ளையின் வாப்பா தன் பக்கத்து இறைச்சித் துண்டை உங்கள் பக்கம் தள்ளி வைத்தார். உங்கள் போன் அடித்தது. நீங்கள் எழும்பிப் போனீர்கள். ஒரே தட்டில் கை வைத்தவர்கள் எல்லோரும் முடிக்கும் வரை யாரும் எழும்புவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். மீதி ஐந்து பேரும் சோற்றில் கையை வைத்தபடி இருந்தார்கள். சம்பந்தி பெரிய மனசுக்காரர். "தண்ணி வேல, பாவம்" என்றார்.

அன்று மாலையே ரிப்காவோடு இங்கே வந்தேன். கோபித்துக்கொண்டு போய்விட்டேன் என்று சொல்லித் திரிகிறீர்களாம். யோசித்துத்தான் வந்தேன்.

நேற்று ரிப்கா கேட்டாள்: "உம்மா, நிக்காஹ் அன்டைக்கும் வாப்பாக்கு போன் வந்தா?" அதற்குப் பதில் உங்களிடம்தான் இருக்கிறது.

அஸீமா


கட்டுகஸ்தோட்டை
12.07.2025

அன்புள்ள அஸீமாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். கடைசி வரி வரை வாசித்தேன்.

அன்று நான் விளையாட்டுக்கு எழும்பிப் போகவில்லை. கரண்ட் போனால் பம்ப் நிற்கும். ஜெனரேட்டர் ஒன்று இருக்கிறது, பதிவேட்டில். பம்ப் நின்றால் மலைத் தாங்கியில் உள்ள தண்ணீர்தான் மேட்டு லைனில் இருக்கும் நானூறு வீட்டுக்கும் மிச்சம். மலைப் பாதை வளைவில் இருக்கிற வால்வை உடனே இருபத்திரண்டு சுற்று சுற்றி மூட வேண்டும். மூடாவிட்டால் தாங்கித் தண்ணீர் முழுவதும் கீழே டவுனுக்கு இறங்கிவிடும். டவுனில் இருப்பவர்களுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. மேலே இருப்பவர்களுக்கு அரை மணித்தியாலத்தில் பைப் காற்றூதும்.

அன்று எனக்குக் கீழே வேலை செய்கிற சுதேஷ் போய்ச் சுற்றினான். தண்ணீர் இன்னும் வேகமாக இறங்கியது. அந்த வால்வு அவனுக்குக் கைவரவில்லை. நான் போய்த்தான் மூடினேன். அதற்குள் மேலே இரண்டு மணித்தியாலம் தண்ணீர் இல்லை. ஒரு மரண வீட்டில் மையித்தைக் குளிப்பாட்ட வாளியோடு ஓடினார்களாம்.

நிக்காஹ்வுக்கு இன்ஷா அல்லாஹ் வருவேன். லீவு போட்டிருக்கிறேன். கரண்ட் போகாமல் இருக்க துஆச் செய்.

முனாப்


கம்பளை
20.07.2025

அன்புள்ள ரிப்காவின் வாப்பாவுக்கு,

மின்சாரத்துக்காக துஆச் செய்தேன். அதோடு கொஞ்சம் விசாரணையும் செய்தேன்.

வியாழக்கிழமை சுதேஷும் அவன் மனைவி யசோதாவும் ரிப்காவைப் பார்க்க வந்திருந்தார்கள், கையில் ஒரு சீப்பு கோழிக்கூட்டு வாழைப்பழத்தோடு. சஹன் விஷயம் தன்னால்தான் நடந்தது என்று சுதேஷ் கதிரையின் நுனியிலேயே உட்கார்ந்திருந்தான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"அக்கா, மத்த வால்வெல்லாம் நான் கண்ண மூடிக்கிட்டு மூடுவேன். அது ஒண்ணு மட்டும் என் கைய கண்டா பேய் புடிச்ச மாதிரி. மூட மூட தண்ணி ஓடுது. முனாப் நானா வந்து கை வைச்சா சாது மாதிரி நிக்குது."

யசோதா சொன்னாள்: "வால்வுக்குக்கூட தெரியுது யாரு மடையன்னு."

சுதேஷ் சிரித்தான். ஒன்பது வருடமாகச் சிரித்துப் பழகிய சிரிப்பு அது.

என் வகுப்பில் ஒரு பிள்ளை ஒரு பாடத்தில் ஒரு முறை தவறினால் பிள்ளையைப் பார்ப்பேன். மற்றப் பாடம் எல்லாம் சரியாகச் செய்கிற பிள்ளை ஒரே பாடத்தில் ஒன்பது வருடம் தவறினால், படிப்பித்தவரைப் பார்ப்பேன்.

அந்த வால்வில் என்ன இருக்கிறது?

அஸீமா


கட்டுகஸ்தோட்டை
02.08.2025

அன்புள்ள அஸீமாவுக்கு,

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். நாலாவது இது.

எல்லா வால்வும் வலப்பக்கம் சுற்றினால் மூடும். வளைவு வால்வு இடப்பக்கம் சுற்றினால்தான் மூடும். 2014இல் மண் சரிந்து பழைய வால்வு உடைந்தபோது, ஸ்டோரில் கிடந்த ஒன்றை நான்தான் பொருத்திப் பூட்டினேன். அது வேறு அமைப்பு என்று பூட்டிய பிறகுதான் தெரிந்தது. வரைபடத்தில் குறிக்க வேண்டும். நாளைக்குக் குறிப்போம் என்று விட்டேன்.

அடுத்த வருடம் இடமாற்றப் பட்டியல் வந்தது. பதினொரு பேர் போனார்கள். என் பெயரை மட்டும் வெட்டிவிட்டு, "முனாப் இல்லாவிட்டால் மேட்டு லைன் ஓடாது" என்றார் அப்போதிருந்த இஞ்சினியர். அந்த வார்த்தை எனக்கு இனிப்பாக இருந்தது. பிறகு குறிக்க மனம் வரவில்லை. சுதேஷ் வந்தான். அவனிடமும் சொல்லவில்லை.

2021இல் அவனுடைய பதவி உயர்வுக்கு என்னிடம் அறிக்கை கேட்டார்கள். "வால்வு வேலையில் இன்னும் பயிற்சி தேவை" என்று எழுதினேன். இதை நீ கேட்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

பேச்சு முடித்த அன்று போனில் "இடப்பக்கம் சுத்து" என்று சொல்லியிருந்தால் போதும். சஹனில் இருந்துகொண்டே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எழும்பிப் போனேன். போகும்போது எனக்குக் கவலையாக இருக்கவில்லை, அஸீமா. பெருமையாக இருந்தது. மையித்து வீட்டார் வாளியோடு ஓடியது என்னால்தான்.

முனாப்


கம்பளை
09.08.2025

ரிப்காவின் வாப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை நான் யாருக்கும் காட்டவில்லை. ரிப்காவுக்கும்தான்.

ஊருக்குத் தண்ணீர் கொடுக்கிறவர் என்று நினைத்து எத்தனையோ இரவு உங்களுக்காகச் சோற்றை மூடி வைத்தேன். அதில் எத்தனை இரவு உண்மை, எத்தனை இரவு அந்த ஒரு வால்வு என்று இப்போது எண்ண முடியவில்லை. எண்ணவும் போவதில்லை.

நிக்காஹ்வுக்கு முன் சுதேஷிடம் சொல்லுங்கள். அலுவலகத்துக்கு எழுதிக் கொடுங்கள். இரண்டும் செய்த பிறகு வந்து வலியாக உட்காருங்கள். செய்யாமல் வருவதானால், கையெழுத்து வைத்துவிட்டு உடனே போய்விடுங்கள். யாரும் போன் எடுத்து உங்களைக் கூப்பிடத் தேவையில்லை.

அஸீமா


கட்டுகஸ்தோட்டை
10.09.2025

அன்புள்ள அஸீமாவுக்கு,

சுதேஷிடம் சொன்னேன். வளைவுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போய் வால்வுக் குழியின் மூடியைத் திறந்து, "இடப்பக்கம் சுத்து" என்றேன். சுற்றினான். ஐந்தாவது சுற்றில் அவனுக்குப் புரிந்துவிட்டது. சாவிக் கம்பியை விடாமல் மீதிப் பதினேழு சுற்றையும் சுற்றி முடித்தான். பிறகு சொன்னான்: "எனக்கு சொன்னது போதாது நானா. வீட்டுக்கு வந்து யசோதாகிட்ட நீங்களே சொல்லுங்க."

போய்ச் சொன்னேன். யசோதா பிளேன்டீ கொடுத்தாள். சீனி போடவில்லை. குடித்தேன்.

அலுவலகத்துக்கும் பதினொரு வருடம் மறைத்தேன் என்று எழுதிக் கொடுத்தேன். இஞ்சினியர் மிஸ் வாசித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். "முனாப், இப்படி எழுதினால் எனக்கும் எனக்கு முன்னால் இருந்த மூன்று பேருக்கும் விசாரணை வரும். 'மறைத்தேன்' என்ற இடத்தில் 'கண்டறிந்தேன்' என்று மாற்றிக் கொண்டு வாருங்கள்" என்றார். மாற்றிக் கொடுத்தேன். நேற்று எனக்கு ஒரு பாராட்டுக் கடிதம் கிடைத்தது. "நீண்டகாலமாக எவராலும் அறியப்படாதிருந்த குறைபாட்டைத் தமது அனுபவத்தால் கண்டறிந்தமைக்காக" என்று இருக்கிறது. கண்ணாடிச் சட்டமும் போட்டுத் தந்தார்கள். வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறேன். கழற்றினால் வருகிறவர்கள் கேட்பார்கள்.

ஞாயிறு ஒன்பதரையிலிருந்து ஒரு மணி வரை இங்கே கரண்ட் இல்லை என்று அறிவித்தல் வந்திருக்கிறது. போனை வீட்டில் வைத்துவிட்டு வருகிறேன்.

முனாப்


கம்பளை
17.09.2025

அன்புள்ள ரிப்காவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பிள்ளை புகுந்த வீட்டில் சந்தோஷமாக இருக்கிறாள். நேற்றுப் பேசினாள்.

நீங்கள் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துச் சொல்ல வேண்டியதைச் சொன்னபோது திரைக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கண் கலங்கினீர்கள். பெண்ணைக் கொடுக்கிற வாப்பா அல்லவா என்று என் பக்கத்தில் இருந்தவர்களும் கலங்கினார்கள். அதற்குச் சற்று முன் நீங்கள் சுவர் மணிக்கூட்டைப் பார்த்ததை நான் மட்டும்தான் பார்த்தேன். அங்கே கரண்ட் போய் ஒரு மணித்தியாலம் ஆகியிருந்தது. உங்களைத் தேடி யாரும் வரவில்லை.

மாலையில் சுதேஷ் எனக்குப் போன் எடுத்தான். "அக்கா, இருபத்திரண்டு சுத்து, ஒரு வீட்டுலகூட தண்ணி நிக்கல. நானாகிட்ட இப்ப சொல்லாதீங்க, மனசு கஷ்டப்படுவாரு" என்றான். அவனுக்கு இருக்கிற இரக்கத்தில் கால்வாசி எனக்கு இருந்திருந்தால் நான் உங்களுக்கு இதை எழுதியிருக்க மாட்டேன்.

எப்போது வீட்டுக்கு வருகிறாய் என்று வாசலில் கேட்டீர்கள். பதில் இது. நீங்கள் கண்டறிந்ததாகப் பாராட்டு இருக்கும் வரை, சுதேஷுக்குப் பயிற்சி போதாது என்ற அறிக்கையும் இருக்கும். இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும் என்று அலுவலகம் யோசிக்காது. அதற்கு யோசிக்கச் சம்பளம் இல்லை. நீங்கள் முதலில் எழுதிய காகிதத்தை மறுபடியும் அலுவலகத்தில் கொடுங்கள். விசாரணை வரும். வரட்டும். இடமாற்றம் என்று மடுல்கெல்ல மலைப் பக்கமோ ஹேவாஹெட்டப் பக்கமோ தூக்கிப் போடுவார்கள். எங்கே போட்டாலும் நான் வந்து இருப்பேன். அந்தக் கண்ணாடிச் சட்டம் தொங்குகிற ஹாலில் வந்து இருக்க மாட்டேன்.

அஸீமா


கட்டுகஸ்தோட்டை
29.09.2025

அன்புள்ள அஸீமாவுக்கு,

காகிதத்தை இன்று காலை கொடுத்தேன், சட்டத்தையும் சேர்த்து. சுதேஷ் பற்றி எழுதிய அறிக்கை பொய் என்று தனியாக எழுதியும் கொடுத்தேன். இஞ்சினியர் மிஸ் எல்லாவற்றையும் வாங்கினார். விசாரணை அடுத்த மாதம். அதுவரை வேலையில்லை.

வால்வுச் சாவியைச் சுதேஷிடம் கொடுத்தேன். கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்க வேண்டும் என்பது முறை. அவன் கையெழுத்துப் போட்டான், வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக.

எங்கே போடுவார்கள் என்று இன்னும் தெரியாது. எங்கே என்றாலும் இங்கேயைவிடக் குளிராக இருக்கும். அலுமாரியிலிருந்து உன் கம்பளிச் சால்வையை எடுத்து வெயிலில் போட்டிருக்கிறேன்.

முனாப்