டிபன் கேரியருக்குள் உன் குரல்

அன்பு மகள் பெர்சிஸுக்கு உன் அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நான், உன் அப்பா, அவருடைய முழங்கால் வலி எல்லாரும் சுகமாக இருக்கிறோம். அயர்லாந்தில் நீயும் அப்படியே சுகமாயிருக்க வேண்டும் என்று தினமும் ஜெபத்தில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். சாரல் பிடித்துவிட்டது. கொடியில் போட்ட துணி காயமாட்டேன் என்கிறது, ஐந்தருவியில் ஐந்து கிளையிலும் தண்ணீர் கொட்டுகிறது, தென்காசி முழுக்க வெளியூர்க் காராக நிற்பதில் எதிர்க்கடைக்குப் பால் வாங்கப் போக வழியில்லை. போன் இருக்கும்போது இதென்ன காகிதம் என்று நினைப்பாய். போனில் நான் எங்கே பேச? உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு ஊர்க்கதை எல்லாம் அவரே பேசிவிட்டு, நான் வாயைத் திறக்கும்போது "சரி, பிள்ளைக்கு வேலை கெடக்கும்" என்று வைத்துவிடுகிறார். அதனால் முந்திரிக்கொத்துக்கு அடியில் இதை வைத்து அனுப்புகிறேன், எண்ணெய் பட்டிருந்தால் துடைத்துவிட்டுப் படி.

முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமை போன் விஷயம். நீ ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸ் வேலையில் நிற்கும்போது அப்பா கூப்பிட்டு, எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்காமல், "எப்பா எடது பக்கம் திரும்புங்கன்னு சொல்லு, சத்தமாச் சொல்லு" என்று அதட்டினாரே, நீயும் பயந்துபோய்ச் சொன்னாயே, உடனே பட்டென்று வைத்துவிட்டாரே. அப்பாவுக்கு மூளையில் ஏதும் ஆகிவிட்டதா, ஸ்கேன் எடுங்கள் என்று எனக்கு மெசேஜ் போட்டிருந்தாய். மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை, இருந்தால்தானே ஆவதற்கு. எல்லாம் நீ வாங்கிக் கொடுத்த அந்த வழி சொல்லும் டப்பாவால் வந்த வினை. செங்கோட்டை தாண்டி மலைக்குள் போனால் போனில் சிக்னல் போய்விடுகிறது, அப்பா புனலூருக்குப் போகிறேன் என்று ஏதோ ரப்பர் தோட்டத்துக்குள் கொண்டுபோய் நிறுத்துகிறார் என்று, கிறிஸ்துமஸுக்கு வந்தபோது கார்க் கண்ணாடியில் ஒட்டி வைக்கிற மாதிரி வாங்கித் தந்தாய். அதில் பேசுகிற இங்கிலீஷ்காரி சொல்வது அப்பாவுக்குப் புரியவில்லை என்று நீ மச்சில் கதவைச் சாத்திக்கொண்டு, ஃபேனையும் நிறுத்திவிட்டு, வேர்க்க விறுவிறுக்க உன் குரலிலேயே எல்லாவற்றையும் பேசிப் பதிந்து கொடுத்துவிட்டுப் போனாய். நீ போனாய், இவருக்குப் பைத்தியம் பிடித்தது. ஆயுசெல்லாம் கமிஷன் கடை வைத்திருந்த பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்கே அந்த டப்பாவிடம் வழி கேட்டுத்தான் போகிறார். அதுவும் நேராகப் போனால் பரவாயில்லை. வேண்டுமென்றே தப்பான தெருவில் வண்டியை விடுவார். நீ அதிலிருந்து "எப்பா, இதில்ல ரோடு, திரும்பி வாங்க" என்பாய். உடனே முகமெல்லாம் பல்லாக "வாரேன் தாயி, வாரேன்" என்று திருப்புவார். கத்தரிக்காய் வாங்கப் போன மனுசன் மத்தியானம் திரும்பி வந்தால் நான் எப்போது குழம்பு வைக்க? திட்டினால், "பிள்ளை பேசுதா, ஒனக்கு என்ன செய்யுது" என்கிறார். நானும் சில நாள் சும்மா பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொள்வேன், அதை இவரிடம் சொல்லிவிடாதே.

இப்படி இருக்கையில் பக்கத்து வீட்டுக்குப் புதுசாகக் குடிவந்தார்களே உமாராணி, அவள் வீட்டுக்காரர் பாண்டி, போலீஸ்காரர், அவர் வந்து வாய் வைத்தார். சீசனில் அருவிக்கு வருகிற கார்களில் இந்த மாதிரிச் சாமான்தான் முதலில் காணாமல் போகும், பத்திரம் என்று. அதோடு விட்டாரா, பாடமே நடத்திவிட்டார். "அண்ணாச்சி, டப்பாவை மட்டும் எடுத்து ஒளிச்சா போதாது, கண்ணாடியில அந்த ரப்பர் ஒட்டின வட்டத் தடம் இருந்தாலே கள்ளப்பயலுக்குத் தெரிஞ்சு போவும், தொடச்சிருங்க. முன்னால இருக்க பெட்டிக்குள்ள வைக்காதீங்க, அங்கனதான் மொதல்ல கையை விடுவான். தெனமும் எடத்தை மாத்துங்க. வீடுன்னு ஒங்க வீட்டு அட்ரஸைப் போட்டு வைக்காதீங்க, களவாண்டவன் அதை அமுக்கி நேரா ஒங்க வீட்டுக்கே வந்துருவான், போலீஸ் ஸ்டேஷனைப் போட்டு வைங்க" என்றார். நல்ல யோசனைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் யாரிடம் சொல்கிறோம் என்று பார்த்துச் சொல்ல வேண்டாமா. "அது போனா வேற டப்பா வாங்கலாம், பிள்ளை கொரலுக்கு எங்க போவ" என்று அன்றைக்குப் பிடித்தது இவருக்குப் பயம். நீ மறுபடி பேசி அனுப்பலாமே என்பாய். உனக்கு எங்கே நேரம் இருக்கிறது?

ஒரு நாள் குடைக்குள் வைத்தார், ஒரு நாள் ஜாக்கிப் பைக்குள், ஒரு நாள் என் வேதப்புத்தகப் பைக்குள் வைத்து, பாஸ்டர் பிரசங்கம் பண்ணும்போது நீ "எப்பா, மெதுவா போங்க" என்றாய். பாஸ்டர் கொஞ்சம் மெதுவாகவும் பேசினார். வீட்டுக்குப் பதிலாக ஸ்டேஷனைப் போட்டு வைத்தாரா, அதை அவரே மறந்துபோய் மறுநாள் மார்க்கெட்டிலிருந்து வீடு என்று அமுக்க, நீ சொன்ன பக்கமெல்லாம் திருப்பித் திருப்பி ஸ்டேஷன் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். நீயும் "வீடு வந்தாச்சு, எறங்குங்க" என்றாய். நான் எவ்வளவோ சொன்னேன், ஏங்க, இது நம் வீடு இல்லை, வாசலில் துப்பாக்கியோடு ஆள் நிற்கிறார் பாருங்கள் என்று. பெற்ற பிள்ளை சொன்ன பிறகு கட்டினவள் பேச்சு எடுபடுமா, தேங்காய்ப் பையோடு இறங்கியேவிட்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஐந்தருவிக்குப் போனோம். முந்தின நாள் உமாராணி டிபன் கேரியரில் சொதி கொடுத்து விட்டிருந்தாள். அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கலாமா, அதனால் கேரியரைக் காரிலேயே எடுத்துப்போய், கடையில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் வாங்கி எல்லாத் தட்டிலும் நிரப்பிக் காரில் வைத்துவிட்டு, நான் பெண்கள் பக்கம் குளிக்கப் போய்விட்டேன். உன் அப்பா எண்ணெய் தேய்க்கிற ஆளிடம் தலையைக் கொடுத்துவிட்டு, பாதியில் ஞாபகம் வந்து, கண்ணாடியும் போடாமல் எண்ணெய்க் கையோடு காருக்கு ஓடியிருக்கிறார். கேரியரின் அடித்தட்டில் இருந்த மங்குஸ்தானைத் தின்றுவிட்டு, டப்பாவை அதற்குள் வைத்து, பழையபடி பூட்டிவிட்டு அருவிக்குப் போய்விட்டார். சோற்றுப் பாத்திரத்தில் எந்தக் கள்ளன் கையை விடுவான் என்று கணக்கு. எனக்கு இது ஒன்றும் தெரியாது. நான் குளித்துவிட்டு வந்து ஈரத் தலையோடு நிற்கிறேன், அங்கே உமாராணியின் தம்பி சங்கரபாண்டி டெம்போவில் வாழைப்பழம் இறக்கிக்கொண்டிருந்தான். உமாராணி போனில் படம் காட்டியிருந்ததால் எனக்கு அடையாளம் தெரிந்தது. வீரகேரளம்புதூர்க்காரன், நல்ல பிள்ளை. அக்காவின் புது வீட்டுக்கு இன்றைக்குத்தான் முதல் முதலாகப் போகிறேன் என்றான். நல்லதாய்ப் போயிற்று, இதையும் கொண்டுபோய்க் கொடுத்துவிடு, உங்கள் அக்காவுக்கு அடுத்த வீடுதான் நாங்கள் என்று, என்னிடமிருந்த சாவியால் காரைத் திறந்து கேரியரை அவன் கையில் கொடுத்து அனுப்பிவிட்டேன். ஒரு வேலை முடிந்தது என்று சந்தோஷம் வேறு.

அப்பா குளித்துவிட்டு வந்தார். வந்தவர் நேரே ஜாக்கிப் பையைத் திறந்தார். அது முந்தாநாள் ஒளித்த இடம். இன்றைக்கு எங்கே வைத்தோம் என்பது அருவித் தண்ணீரோடு போயே போய்விட்டது. தினமும் இடத்தை மாற்றினால் இதுதான் நடக்கும். குடையை விரித்தார், சீட்டைத் தூக்கினார், மாற்றுச் சக்கரத்தைக் கழற்றினார், காருக்குள் இருந்த அத்தனையையும் ஈரத் தரையில் பரப்பிவிட்டார். மதுரைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று கடை என்று நினைத்து ஜாக்கியைக் கையில் எடுத்து விலை கேட்டார்கள். கார்க் கண்ணாடி உடையவில்லை, பூட்டும் நெளியவில்லை என்றேன். "அப்பம் பெரிய கைகாரன்தான் வந்திருக்கான்" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். பிறகு புகார் கொடுக்கத் தென்காசிக்கு வண்டியை எடுத்தார். இலஞ்சி வளைவில் நீ எப்போதும் "எப்பா, மெதுவா போங்க" என்பாயே, அந்த இடம் வந்ததும் வண்டியை மெதுவாக்கிவிட்டு ஒரு நொடி காத்திருந்தார். ஒரு சத்தமும் இல்லை. மனுசன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் சங்கடமாகிவிட்டது பெர்சிஸ், சும்மா சொல்லக் கூடாது.

அங்கே சங்கரபாண்டிக்கு என்ன ஆயிற்று கேள். அவன் இலத்தூர் தாண்டும்போது வண்டி ஒரு பள்ளத்தில் விழுந்திருக்கிறது, தட்டு இடித்து டப்பா உயிர் பெற்றுவிட்டது. பக்கத்து சீட்டில் இருந்த கேரியர் பொம்பளைக் குரலில் "எப்பா, இதில்ல ரோடு" என்றதும் பிரேக்கைப் போட்டவன், இறங்கி ஓடி, சுடலைமாடன் கோயில் வாசலில் போய் நின்றிருக்கிறான். திருநீறு பூசிக்கொண்டு வந்து, கம்பால் கொக்கியைத் தள்ளித் திறந்து பார்த்தால் இந்தக் கூத்து. உடனே கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்று நினைத்தது அவன் நல்ல மனசு. அக்கா வீடும் தெரியாது, நம் வீடும் தெரியாது, டப்பாவில் வீட்டுப் படம் போட்டிருக்கிறது, அதை அமுக்கினால் இரண்டு வீட்டுக்கும் வழி கிடைத்துவிடும் என்று அமுக்கிவிட்டான். பிறகு என்ன, நீ அவனையும் "எப்பா, எப்பா" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு ஸ்டேஷனுக்கே அழைத்துவந்துவிட்டாய். அவனும் சந்தேகப்படவில்லை. அத்தான் போலீஸ்காரர், ஸ்டேஷனுக்குப் பின்னால்தான் குவார்ட்டர்ஸ் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்து, ஒரு கையில் கேரியரும் ஒரு கையில் டப்பாவுமாக "அக்கா, ஏ அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டே உள்ளே நுழைகிறான். உள்ளே உன் அப்பா களவு போன டப்பாவின் நீளம் அகலத்தைக் கையை விரித்துக் காட்டிக்கொண்டிருக்கிறார்! பார்த்தாரோ இல்லையோ, பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்து, "களவாணிப் பயலே, களவாண்டுட்டு இங்கனயே வாரியோலே" என்று ஒரே உலுக்கு. அந்தப் பிள்ளை கையிலிருந்த கேரியர் விழுந்து மங்குஸ்தான் எல்லாம் லாக்கப் வரைக்கும் உருண்டது. அப்போதுதான் அவன் சங்கரபாண்டி, அது நான் கொடுத்துவிட்ட கேரியர் என்று எனக்குப் பிடிபட்டது. அடித்தட்டு, எண்ணெய்க் கை, மங்குஸ்தான் கறை என்று நான் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க இவருக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

எஸ்.ஐ. ஆவுடைநாயகம் சிரிக்கவே தெரியாத மனிதர். புகார் எழுதியாயிற்று, சாமான் வேறு ஒருவர் கையிலிருந்து வந்திருக்கிறது, பில்லும் இல்லை, உங்களுடையதுதான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்றார். "பேசுதது எம் பிள்ளை கொரலு, வேற என்ன அத்தாட்சி வேணும்" என்று அப்பா உனக்குப் போனைப் போட்டார். அதுதான் அந்தப் போன். ஸ்டேஷன் முழுக்க மூச்சு விடாமல் நிற்க, நீ சொன்னாய். பிறகு டப்பாவில் உள்ளதையும் போட்டுக் கேட்டார்கள். எஸ்.ஐ. இரண்டு தரம் கேட்டுவிட்டு, "அண்ணாச்சி, ரெண்டும் ஒரே ஆளுன்னு எனக்குத் தோணலியே. டப்பாவுல பேசுதது கணீர்னு இருக்கு. போன்ல பேசினது ஏதோ சீக்காளி மாதிரில்லா இருக்கு" என்றார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ தைரியம், "ஸார், அது எங்கூட இருந்து மூணு வேளையும் சாப்பிட்டுட்டுப் பேசுனது. இது ஒத்தையில கெடந்து ராத்திரியும் பகலும் டூட்டி பாத்துட்டுப் பேசுதது. ரெண்டும் எம் மவதான், பெத்தவளுக்குத் தெரியாதா" என்று கத்திவிட்டேன். அவர் டப்பாவைத் துடைத்து என் கையில் கொடுத்துவிட்டார். அப்பா சங்கரபாண்டியிடம் மன்னிப்புக் கேட்டு, புரோட்டா வாங்கிக் கொடுத்து, அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டார். உமாராணி ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள், பிறகு சரியாகிவிட்டாள்.

டப்பா பத்திரமாக இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அந்த இரண்டு குரலையும் அடுத்தடுத்துக் கேட்டதிலிருந்து எனக்கு வீட்டில் ஒரு வேலையும் ஓடவில்லை. ஏட்டி, ஏன் உன் குரல் அப்படி ஆகிவிட்டது? தினமும் போனில் கேட்டுக்கொண்டேதானே இருந்தேன், கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது என் காதுக்குப் பிடிபடாமல் போயிற்றே. அப்பா வீட்டுக்கு வரும்போது டப்பாவைப் போடவே இல்லை. படியேறும்போது, "எதைல்லாமோ ஒளிச்சு ஒளிச்சு வச்சேன், பிள்ளையை விட்டுட்டேனே" என்றார். இத்தனை வருஷத்தில் உன் அப்பா உருப்படியாகப் பேசினது இது ஒன்றுதான். மறுநாள் காலையில் உட்கார்ந்து டப்பாவில் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டைப் போட்டு வைத்துவிட்டார். லீவு கேட்டுப் பார். தரமாட்டார்கள் என்று நீயாகவே முடிவு பண்ணாதே, வாயைத் திறந்து கேள். கிடைக்கிறவரைக்கும் பிரெட்டைக் கடித்துவிட்டு ஓடாமல் சோறு வடித்துச் சாப்பிடு, முந்திரிக்கொத்தை ஆஸ்பத்திரியில் பங்கு வைக்காமல் நீயே தின்னு.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார். அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே: இனிமேல் போன் பண்ணும்போது "சாப்பிட்டேம்மா" என்று சொல்லாதே. சாப்பிட்டுவிட்டுப் பேசு, குரலிலேயே நான் தெரிந்துகொள்வேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
செ. தங்கபுஷ்பம்
தென்காசி