நடபைரவியில் ஒரு மலாய்க் குழைவு

கோலாலம்பூர்
12.03.1995

அன்புள்ள சுமித்திரா,

உயிரோடு, வேலையோடு இருக்கிறேன். நீயும் சுகமென்று நம்புகிறேன். ஒருவழியாக என் கிற்றார் கசெற்றில் ஏறிவிட்டது. மலாய்ப் பொடியன்களின் ரொக் குழு. வவுனியாவுக்கு வரும் ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

இவர்களுடைய ரொக் பெரும்பாலும் மைனர் ஸ்கேலில்தான். உனக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால், நடபைரவி. ஆனால் பழைய மலாய்ப் பாட்டுக்காரரைப் போல, ஒரு சுரத்தை நேரே தொடாமல் வழுக்கிக் குழைந்து வந்து சேருவார்கள். அந்தக் குழைவை நான் கம்பியை இழுத்துக் கொண்டுவருகிறேன். உன் வகுப்பறைச் சங்கீதத்துக்கு இது பிடிபடாது. இருந்தாலும் கேள்.

நாலு ஆம்பிளைகள் ஒரே அறையில் முடங்கிக் கிடக்கிறோம். விசா சரிவந்ததும் உன்னைக் கூப்பிடுவேன்.

உன் ஜனா

புளியங்குளம்
02.06.1995

அன்புள்ள அத்தானுக்கு,

கசெற் கிடைத்தது. இங்கே கரண்ட் இல்லையென்பது உங்களுக்கு மறந்திருக்கும். பக்கத்து வீட்டு ரஜிதா சைக்கிளை நிறுத்திவைத்து மிதிக்க, டைனமோவில் ரேப் ரெக்கோடர் ஓடியது. அவள் களைத்தபோது பாட்டின் சுருதி இறங்கியது. சும்மா சொல்லக்கூடாது, அந்த இடம்தான் நன்றாயிருந்தது.

"அக்கா, இந்தாள் ஏன் பல்லுக்கொதி வந்த மாதிரிக் கத்துறார்?" என்று கேட்டாள்.

"காதலாம்" என்றேன்.

நடபைரவியை எனக்கே விளங்கப்படுத்தியதற்கு நன்றி. ஷெல் விழுந்தாலும் அழ நேரமில்லாமல் ஓடுகிற எங்களுக்கு, கரண்ட் கொடுத்து அழுகிற உங்கள் கூட்டம் வேடிக்கைதான். ஆனால் அந்த மலாய்க் குழைவில் பொய் இல்லை. இரண்டாவது பாட்டில் பின்னால் ஒரு பெண் பாடுகிறாள். தைவதத்திலிருந்து பஞ்சமத்துக்கு அவள் வழுக்கி இறங்கும்வரை உங்கள் கிற்றார் காத்து நிற்கிறது. கிளிநொச்சிக் கச்சேரிகளில் என் வயலினை ஒருநாளும் காத்து நில்லாமல் முந்தி ஓடியவர் நீங்கள்.

யார் அவள்?

சுமித்திரா

கோலாலம்பூர்
20.08.1995

சுமித்திரா,

சந்தேகம் பிடித்த காது உன்னுடையது. அவள் குழுவில் பாடுகிறவள், அவ்வளவுதான். மைனரில் யார் பாடினாலும் நெருக்கமாகத்தான் கேட்கும். காட்டுக்குள் இருந்துகொண்டு ரொக்கைப் பற்றிக் கதைக்க வெளிக்கிட்டாயே! இதோ, நானே மெட்டமைத்து நானே பாடிய பாட்டு. இதில் எந்தப் பெண்ணும் இல்லை. கேட்டுவிட்டுப் பேசு.

ஜனா

புளியங்குளம்
09.12.1995

ஜனார்த்தனனுக்கு,

கேட்டேன். நீங்கள் மட்டும்தான் பாடுகிறீர்கள், ஆனால் அவளுடைய மூச்சில். அவள் எங்கே நிறுத்துவாளோ அங்கே நிறுத்துகிறீர்கள். அவள் நடுங்குகிற இடத்தில் நீங்களும் நடுங்குகிறீர்கள். மேடையில் சேர்ந்து பாடி இது வராது. ஒரே வீட்டுக் குசினியில் தேத்தண்ணி குடிக்கிறவர்களுக்குத்தான் வரும். என்னோடு வாழ்ந்த காலத்தில் என் சாயல் ஒரு சுரத்தில்கூட உங்களிடம் ஒட்டவில்லை.

"அக்கா, இது நல்லா இருக்கெல்லோ?" என்றாள் ரஜிதா. ஓம், நல்லாத்தான் இருக்கிறது. நீங்கள் வாசித்ததிலும் பாடியதிலும் இதுவொன்றுதான் உண்மையானது. அதனால்தான் எனக்குக் கோபம்கூட வரவில்லை, இளக்காரமாகத்தான் இருக்கிறது. இவ்வளவு உண்மையாகப் பாடத் தெரிந்தவருக்கு ஒரு வரி உண்மை எழுத வரவில்லையே.

யாழ்ப்பாணத்துச் சனம் முழுக்க இடம்பெயர்ந்து இங்கே வந்து இறங்குகிறது. அந்தப் பிள்ளைகளுக்கு ஜெயபுரத்தில் மரத்தடியில் வகுப்பு நடக்கிறதாம், பாட்டுக்கு ரீச்சர் இல்லையாம். வயலினைக் கட்டிவிட்டேன், காலையில் போகிறேன்.

புது விலாசம் உங்களுக்குத் தேவைப்படாது.

சுமித்திரா