நியெபி மௌனத்துக்கு முந்தின மாலை

செகார் அப்பா,

நாளை நியெபி. ஊரே அடுப்பு மூட்டாது, விளக்கேற்றாது, பேசாது, தெருவில் இறங்காது. சோறும் வாழைத்தண்டுக் குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். ஆறினதையே சாப்பிடுங்கள். நான் அடுத்த தெருவுக்கு, அம்மா வீட்டுக்குப் போகிறேன். உங்களோடு இன்னொரு நியெபியை இந்த இருட்டில் என்னால் கழிக்க முடியாது.

போன நியெபியில் நம் மகள் செகாரின் உடம்பு காய்ச்சலில் கொதித்தபோது, மௌன விரதம் கலையக் கூடாதென்று, விடியட்டும் என்று சைகை காட்டினீர்கள். நானும் அடங்கி உட்கார்ந்தேன். தெருக்காவலரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஆஸ்பத்திரிக்கு வழி விட்டிருப்பார். அவளை அடக்கம் செய்த பிறகும் நீங்கள் வாய் திறக்கவில்லை. ஊருக்கு ஒரு நாள் விரதம், நம் வீட்டில் வருஷம் முழுக்க.

கொல்லைச் சாவி சாமி மாடத்தில் இருக்கிறது.

சுகெர்த்தி

பி.கு. சந்தையில் காவலர் ரக்காவைப் பார்த்தேன். நம் வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டால் கதவைத் தட்ட வேண்டாம் என்றேன். “அழுறவங்களுக்கா அபராதம் போடப் போறோம்? நல்லா அழட்டும்க்கா” என்றார்.

அவள் பெயரைச் சொல்லி வாய்விட்டு அழுங்கள். ஊர் அடங்கிக் கிடக்கும், அம்மா வீடுவரை கேட்கும். கேட்டால், மறுநாள் காலையில் வந்துவிடுவேன்.