கருவியில் கோளாறு இல்லை

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. அதிகமாகக் காட்டுகிறது, பழுதாக இருக்கும் என்று நீ அத்தானிடம் கொடுத்தனுப்பிய ரத்த அழுத்தக் கருவியைப் பிரித்துப் பார்த்துவிட்டேன். நன்றாக இருக்கிறது. காற்றுப்பையில் கசிவு இல்லை, பேட்டரி புதிது. மருத்துவக் கருவிகள் பழுதுபார்க்கும் எங்கள் பட்டறையின் பாதரசக் கருவியோடு ஒரே குழாயில் இணைத்து ஓட்டினேன். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி சேர்ந்தே ஏறின, சேர்ந்தே இறங்கின. போதாததற்கு அத்தான் கையிலும் கட்டினேன். அவருக்கும் சரியாகவே காட்டியது. உன்னிடம் மட்டும் பொய் சொல்ல அதற்கு என்ன பகை?

எடுத்த எடுப்பிலேயே போட்டு உடைத்துவிட்டேன். சுற்றி வளைக்க எனக்கு வராது.

அத்தான் இங்கே டீ குடித்துக்கொண்டே வெள்ளந்தியாக ஒவ்வொன்றாகச் சொன்னார். "நாலஞ்சு தடவ கட்டிப் பாப்பா. எது கம்மியோ அதான் சரின்னுவா." அப்புறம், "செருப்பு வேற கடிக்குதாம், மோதிரம் ஏறலையாம். கண்ணாடி பவரும் மாறிடுச்சு போல, எழுத்து மங்குதுங்கிறா." ஏன் அக்கா, ஒரே வாரத்தில் உன் வீட்டில் கருவி, செருப்பு, மோதிரம், கண்ணாடி எல்லாம் கூடிப் பேசிவைத்துக்கொண்டா கெட்டுப்போயின? இதை நான் கேட்ட பிறகுதான் மனிதர் டம்ளரைக் கீழே வைத்தார்.

உன் ஆய்வுக் கட்டுரையை நான் முழுக்கப் படித்திருக்கிறேன். அம்மா அந்த இதழைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, வருவோர் போவோருக்கெல்லாம் உன் பெயரை மட்டும் காட்டுவாள். நான் அட்டவணைகளையும் பார்த்தேன். கர்ப்பத்தில் அழுத்தம் ஏறியவர்கள் ஏன் ஆஸ்பத்திரிக்குத் தாமதமாக வருகிறார்கள் என்று கேட்டு எழுதியிருந்தாயே. வெயிலில் நின்ற தலைவலி என்றாள் ஒருத்தி. தூக்கம் இல்லை, அதனால் கண் மங்குகிறது என்றாள் இன்னொருத்தி. மாசமாக இருந்தால் கால் வீங்கத்தானே செய்யும் என்று மாமியார் சொன்னதாக ஒருத்தி. இவர்கள் அசடுகள் இல்லை, பயந்தவர்கள் என்று கடைசியில் எழுதியிருந்தாய். எனக்குப் பிடித்த வரி அது. 'கருவி பழுது' என்ற காரணம் மட்டும் அந்த அட்டவணையில் இல்லை. அவர்கள் யாரிடமும் கருவி இல்லை. சேர்த்துக்கொள்.

அந்த ஆய்வுக்கான கருவிகளைச் சரிபார்த்துக் கொடுத்தவன் நான். என் கையெழுத்து இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு நம்புவாய். அதனால்தான் என்னிடம் அனுப்பினாய். தம்பி 'பழுது' என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டால் இன்னும் கொஞ்ச நாள் வீட்டிலேயே இருந்துவிடலாம், இல்லையா?

உன் பயம் எனக்குத் தெரியாததல்ல. போன தடவை அந்த ஆஸ்பத்திரியிலிருந்து உன் பையை நான்தான் தூக்கிவந்தேன். அம்மா தைத்துக் கொடுத்த சின்னத் துணிகள் மடிப்புக் கலையாமல் அதில் இருந்தன. அதைப் பற்றி நம் வீட்டில் இன்றுவரை யாரும் வாய் திறக்கவில்லை. நீயும் பேசாமல் ஆய்வுக்குள் போய் உட்கார்ந்துகொண்டாய்.

ஆனால் போன தடவை நாம் தாமதமாகப் போனோம். இந்தத் தடவை இன்னும் நேரம் இருக்கிறது. சீக்கிரம் வந்தவர்களில் பெரும்பாலோர் பிள்ளையோடு வீடு திரும்பினார்கள் என்று எழுதியது நீதான். ஊருக்குச் சொன்னதை ஒருமுறை நீயும் கேளேன்.

ஆஸ்பத்திரியில் உன் பெரிய டாக்டரம்மாவிடம் போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "எல்லாருக்கும் பாடம் எடுப்பா, அவளுக்கு யார் எடுக்கிறது?" என்று திட்டிவிட்டு, உடனே வண்டி அனுப்புவதாகச் சொன்னார்கள். அத்தானிடம் கொடுத்தனுப்பும் இந்தக் கடிதத்தை நீ அங்கே படுக்கையில் இருந்து படிக்க வேண்டும். வண்டியைச் சமாளித்துத் திருப்பி அனுப்பியிருந்தால், இதோ, அத்தான் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நிற்பார். அப்படித்தான் சொல்லி அனுப்புகிறேன். அவரோடு கிளம்பு. கருவியும் பெட்டியில் இருக்கிறது. நீ அதை நம்பலாம்.

அம்மா குழந்தைக்காக வேண்டிக்கொள்கிறாள். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. எனக்கு முதலில் நீ வீடு திரும்ப வேண்டும் அக்கா. மாமா என்று கூப்பிட ஆள் வருவதெல்லாம் அதற்கு அப்புறம்தான். வந்தால், அந்தத் துணிகள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.

சரிபார்த்துக் கையெழுத்திட்டவன்,
உன் தம்பி