உயிர்ச்சான்று

ஆகஸ்ட் 11, காலை 7.00
நிலவு, தென்துருவ ஆய்வுக்கூடம். பணியில் இருப்பது நான் ஒருத்திதான்: ஜெனோவா, ஊர் தூத்துக்குடி. பனிக்கட்டிக்காகத் துளையிடும் இயந்திரம் வழக்கம்போல் முனகுகிறது. காற்று இயந்திரம் திணறுகிறது, அறிக்கை அனுப்பிவிட்டேன். பணியாளர் பிரிவிலிருந்து அழைப்பு. ஊர் திரும்பும் கலத்தில் என் இருக்கை உறுதியாக உயிர்ச்சான்று புதுப்பிக்க வேண்டுமாம். கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தேன். ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னார்கள், வாசித்தேன். வந்த ஓடிபியையும் சொன்னேன். பேசியவர் நல்ல மரியாதைக்காரர்.

ஆகஸ்ட் 13, காலை 9.20
என் கணக்கு திறக்கவில்லை. கட்டுப்பாட்டு அறையைக் கேட்டேன்.
"நேத்து நீங்கதான மேடம் பேசினீங்க? இன்னும் ஆறு மாசம் இருக்கேன், என் சீட்டுல பனிக்கட்டிய ஏத்துங்கன்னீங்க. காற்று மெஷினும் சரியாயிடுச்சுன்னு சொன்னீங்களே!"
பதிவைப் போட்டுக் காட்டினார்கள். என் முகம், என் குரல், நான் கொடுத்த அதே சிரிப்பு. அது நானில்லை என்றேன்; போலீசில் புகார் கொடுங்கள், அவர்கள் சொன்னால்தான் மாற்றுவோம் என்றார்கள். பனிக்கட்டியை வாங்குவது கேள்விப்படாத ஏதோ ஒரு கம்பெனி. கலம் 18ஆம் தேதி கிளம்புகிறது. இங்கே காற்று மாதக் கடைசி வரை தாங்கினால் பெரிது.

ஆகஸ்ட் 14, மாலை 4.05
சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுக்கப் பார்த்தேன். உடனே சொல்ல வேண்டும், எதையும் அழிக்கக் கூடாது, அழைப்பு வந்த எண்ணையும் நேரத்தையும் எடுத்து வைக்க வேண்டும். கரண்ட் பில் மோசடியில் ஏமாந்த தம்பி ரெனிஸ்டனுக்கு இதையெல்லாம் வகுப்பெடுத்தவளே நான்தான். "படிச்சவன்தானல நீ?" என்று வேறு கேட்டேன்.
புகாரைப் பதிய ஓடிபி வேண்டும். அது போகும் எண் இப்போது என் முகத்தோடு பேசும் அந்தப் போலிக்காரி கையில். கெஞ்சிக் கூத்தாடி உதவி ஆய்வாளர் இசக்கியம்மாளின் இணைப்பை வாங்கினேன். பொறுமையாகக் கேட்டார்.
"எல்லாம் எழுதிக்கிட்டேன். ஆனா ஜெனோவா மேடம் நேத்தே புகார் குடுத்துட்டாங்களே. தன் குரல்ல ஒரு போலி பேசுதுன்னு. ஸ்கிரீன்ஷாட், நேரம், நம்பர் எல்லாம் பக்கா. ரெண்டு இணைப்புமே நிலாவுல இருந்து வர்றதாத்தான் காட்டுது."
அவள் முந்திக்கொண்டாள். நான் செய்ய வேண்டியதை எல்லாம் என்னைவிட ஒழுங்காகச் செய்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 16, காலை 11.30
இசக்கியம்மாளைக் குறை சொல்ல முடியாது. ரெனிஸ்டனை ஸ்டேஷனுக்கு அழைத்து, என்னையும் அவளையும் ஒரே இணைப்பில் வைத்தார். அவன் கேட்டான்: "சின்னதுல என்னைய எங்க தொலைச்ச?"
கோவில் திருவிழாவில், ராட்டினத்துக்குப் பக்கத்தில். இரண்டு பேரும் அதையேதான் சொன்னோம். இந்தக் கதையை அவனோடு போனில் எத்தனை தடவை பேசியிருக்கிறேன். அவள் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.
எனக்குத் தாங்கவில்லை, உடைந்துவிட்டேன். "ஏல ரெனி, நான்தாம்ல! கலம் போயிட்டா செத்துருவேம்ல!"
அவள் சிரித்தாள். "ஏல கோட்டிப்பயலே, பயந்துட்டியா?"
அவன் யோசிக்கவே இல்லை. "அழுவுறது எங்கக்கா இல்ல மேடம். எங்கப்பா செத்தப்பவே அவ அழல. சிரிக்கிறவதான் எங்கக்கா."
அன்று நான் அழாமல் நின்றதே உனக்காகத்தானடா.

ஆகஸ்ட் 18
அவள் புகார் மீது நடவடிக்கை எடுத்துவிட்டார்கள். என் இணைப்பு துண்டிக்கப்பட்டது. இதைத் தாளில் எழுதுகிறேன். கலத்தின் கதவு பூமியிலிருந்து திறந்தால்தான் திறக்கும். கை வீங்கும்வரை தட்டினேன். இயந்திரக் கைகள் ஏற்றிய பனிக்கட்டி என் இருக்கையில் போய்விட்டது.

ஆகஸ்ட் 2
தேதி சரியாக எழுத வரவில்லை. 27 இருக்கும். மூச்சு வாங்குகிறது. இதை எடுப்பவர்கள் எந்த இணைப்பிலும் அனுப்ப வேண்டாம், அவள் திருத்திவிடுவாள். கையில் கொண்டுபோய் ரெனிஸ்டனிடம் கொடுங்கள். அழுதவள்தான் உன் அக்கா என்று சொல்லுங்

எழுதிக்கொண்டிருக்கும்போதே கூடத்தின் திரையில் என் பெயரில் ஒரு பதிவு ஏறியது. நான் எதையும் தொடவில்லை. அப்படியே எழுதுகிறேன்:

"ஆகஸ்ட் 27, காலை 7.00. காற்று சரி. இயந்திரம் வழக்கம்போல் முனகுகிறது. தம்பியோடு வெகுநேரம் பேசினேன், பயல் விழுந்து விழுந்து சிரித்தான். இந்த மாத உயிர்ச்சான்று அனுப்பிவிட்டேன். ஜெனோவா."