பரிமாறியவள் தட்டு

மார்ச் 4

அன்புத் தங்கைக்கு,

பரீட்சை முடிந்து பாப்பா வீட்டுக்கு வந்ததிலிருந்து சமையலறை அவள் கையில். எங்களை உட்கார வைத்து, நின்றுகொண்டே பரிமாறுகிறாள். "ருசி பார்த்தே வயிறு நிறைஞ்சுடுச்சும்மா" என்கிறாள். அப்படியே உன்னைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது.

ஆனால் ரொம்ப இளைத்துவிட்டாள். போன வாரம் மாடிப்படியில் மயங்கி விழுந்தாள். சாப்பாட்டையே ஒதுக்கும் நோய் என்கிறார் டாக்டர். வெறும் பிடிவாதமில்லையாம், ஓரளவு பிறவியிலேயே வருமாம். பட்டினி கிடந்தால் சிலருக்கு மூளை அமைதியாகிவிடுமாம். இரத்தச் சொந்தத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்டார். எங்கள் வீட்டில் சர்க்கரை வியாதிதான் என்றேன். புள்ளியியல் பாடம் நடத்துகிற என்னிடம் ஒற்றை ஆளைக் காட்டிப் பரம்பரை என்றால் எப்படி நம்புவது? நீயே சொல்.

அக்கா

மார்ச் 15

என் அக்காவுக்கு,

டாக்டர்கள் எதையாவது சொல்வார்கள். இங்கே எல்லோரும் சுகம். இவருடைய ஆபீஸ் நண்பர்களுக்கு வாராவாரம் விருந்து. எனக்கு உட்கார நேரமில்லை.

பாப்பாவைத் திட்டாதே. வெயிலிலும் ஸ்வெட்டர் போடுகிறாளா? கையில் பூனைமுடி வளர்ந்திருக்கிறதா? மாதவிலக்கு நின்றிருக்கும், உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். சாப்பிடு, சாப்பிடு என்று நச்சரிக்காதே. பக்கத்தில் உட்கார். யாராவது உட்கார்ந்தால் போதும்.

இதெல்லாம் எங்கேயோ படித்தது.

தங்கை

மார்ச் 27

அன்புள்ளவளே,

நீ எழுதிய மூன்றும் உண்மை. பாப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். இதயத் துடிப்பு ரொம்பவும் இறங்கிவிட்டது. நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்தால் அரைத் தட்டு சாப்பிடுகிறாள்.

எங்கே படித்தாய்? போன வருடம் இங்கே வந்தபோது, கொளுத்துகிற வெயிலில் ஸ்வெட்டரோடு பரிமாறினாய். நாங்கள் கிண்டல் செய்தோம், நீயும் சிரித்தாய். உன் தட்டை யோசித்துப் பார்க்கிறேன். ஞாபகத்தில் அப்படி ஒன்று இல்லை.

இரண்டு பேரை வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன். எனக்கு இருப்பதே இரண்டு பேர்தான். உன்னையும் பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டர். இதில் யார் மேலும் குற்றமில்லையாம். வந்துவிடு.

அக்கா

ஏப்ரல் 19

தங்கைக்கு,

பதில் வரவில்லை. பாப்பா வீடு திரும்பிவிட்டாள். தினமும் அவள் முடிக்கும்வரை பக்கத்தில் உட்காருகிறேன். யாராவது பக்கத்தில் உட்கார்ந்தால் போதும் என்று நீ எழுதியதை அவளிடம் சொன்னேன். "சித்தி பக்கத்துல யாரு உட்காருறா?" என்றாள்.

நேற்று போன் செய்தேன். உன் வீட்டுக்காரர்தான் எடுத்தார். நீ படுத்திருக்கிறாயாம், அசதி, வேறொன்றுமில்லையாம். முந்தின நாள் பன்னிரண்டு பேருக்குத் தனியாளாகச் சமைத்தாயாம். பெருமையாகத்தான் சொன்னார்.

"அவள் சாப்பிட்டாளா?" என்று அவரிடம் கேட்டேன்.

"பரிமாறிட்டு இருந்தா" என்றார்.

அக்கா