சிவப்பு முடிச்சு

பல்லேபொல, 9.12.83

என் தங்க மகளுக்கு,

அந்தோனியார் உனக்குத் துணை. "சோயாவைப் பிடுங்கி வீசுங்க சின்னம்மா, இனி கெம்பசுக்குப் படிக்கப் போகமாட்டேன்"னு மன்னார்ல இருந்து எழுதியிருந்தே. நான் பிடுங்கல.

வேர்ல முடிச்சு வெச்சு உரம் சேர்க்கும்னு நீ தந்த கிருமித் தூள் போடாத பாத்தியிலயும் வேர்முடிச்சு உள்ளுக்குள்ள சிவப்பா இருக்கு! சிவப்பா இருந்தா கிருமி வேலை செய்யுதுன்னு நீதானே சொன்னே. உன் கிருமியே ஊர்ந்து வந்துச்சா? இல்ல, நீ சொன்ன மாதிரி அதுக்குள்ள இருக்கிற மரபணு வளையத்துல ஒரு துண்டு தாவிப்போய், நம்ம மண்ணுக் கிருமிக்கும் வேலை பழக்கிருச்சா? பார்த்துச் சொல்லத் தெரிஞ்சவ நீ ஒருத்திதான்.

போன தடவை கோயில்ல மந்திரிச்ச உப்பைத் தூவிச் செடியைக் கருக்கினேனே, இந்தத் தடவை ஜெபம் மட்டுந்தான்.

முன்கதவு புதுசா போட்டாச்சு. ஜூலைக் கலவரத்தன்னைக்கு நம்ம கதவை உடைச்ச கூட்டத்தை மறிச்ச பக்கத்து வீட்டுச் சிங்களக் குசுமாவதிதான் பாத்திக்குத் தண்ணி ஊத்துறா. "புள்ள எப்ப வரும்?"னு தினமும் கேக்குறா.

முடிச்சையெல்லாம் ஈரம் பிடிக்காம வறுத்த அரிசியோட போத்தல்ல அடைச்சு வெச்சிருக்கேன். தபால்ல அனுப்ப மாட்டேன். நீயே வந்து எடுத்துக்க.

உன் சின்னம்மா